எடுத்த நடவடிக்கை

தற்குறிப்பில் அது ஒரே வரி:
மாணவர் விடுதி, மூன்றாம் தளப் பொறுப்பாளர், ஈராண்டு.
டுலூத் நகர வங்கியில் நேர்காணல் எடுத்தவர்
அந்த வரிமேல் பேனா முனையை ஊன்றி
"தலைமைப் பண்புக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள், ஐலி" என்றார்.

சொன்னேன்.
ஜனவரி. விடியலுக்கு முன் மூன்று பத்து.
யாரோ சோளப்பொரியைக் கருகவிட
தீமணி அலறியது.
மைனஸ் இருபத்திரண்டு.
உறைந்த ஏரிமேல் ஓடிவந்த காற்று
காது மடலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தது.
போர்வையும் செருப்புமாய் வந்தவர்களைக்
கார் நிறுத்தத்தில் நிறுத்தினேன்.
பெயர்ப் பட்டியல் மேலே மேசையிலேயே கிடந்ததால்
மனதிலிருந்து கூப்பிட்டேன்:
டெலானி ஃப்ரிஸ்க், ஓர்வில் டாமின்ஸ்கி,
நெட்டைக் கெய்ட்லின், குட்டைக் கெய்ட்லின்...
அவர் குறித்துக்கொண்டார்:
நெருக்கடியில் நிதானம்.

சொல்லாதது நிறைய.

ஆகஸ்டில் நாற்பத்திரண்டு கதவுக்கு
நாற்பத்திரண்டு காகித மீன் வெட்டி
பெயர் எழுதி ஒட்டினேன்.
செப்டம்பருக்குள் பாதி மீனைக் காணோம்.
மறுபடி வெட்டினேன். அக்டோபரிலும்.
கத்தரிக்கோல் பட்டு விரல் காய்த்தது,
பெயர்கள் நாக்கில் ஏறின.

வியாழன் இரவுக் கூச்சலுக்கு
நானும் கூச்சலிட்டேன், முதல் வருடம்.
என் கதவுப் பலகையில்
"சிரைக் காவலாளி" என்று எழுதிவைத்தார்கள்.
எழுத்துப்பிழையை மட்டும் திருத்திவிட்டு
வகுப்புக்குப் போனேன்.

முந்நூற்றுப் பதினாறில் நடுவே நீல நாடா.
குளிர்பெட்டி இவள் எல்லையில்,
மின்செருகி அவள் எல்லையில்.
பால் திரிந்தபிறகுதான்
இரு நாடுகளும் பேச்சுவார்த்தைக்கு இறங்கிவந்தன.
என் பங்கு,
மூக்கைப் பொத்திக்கொண்டு பாலைக் கொட்டியது.

அந்த இரவு பதில் சொன்னவர்கள்
நாற்பத்தொரு பேர்.
வெண்டெல் ஆஹோ என்று மூன்று தடவை கத்தினேன்.
என் மூச்சுப் புகைதான் திரும்பி வந்தது.
தீயணைப்பு வீரர் வெளியே வந்து சொன்னார்:
ஆபத்தில்லை, கீழே சலவையறையில் ஒரு பையன்,
வரமாட்டேன் என்கிறான்.
மணி அடங்கியதும் எல்லோரும் மேலே ஏறினார்கள்.
நான் இறங்கினேன்.

நாலாம் எண் உலர்த்திமுன்
மேல்கோட்டோடு உட்கார்ந்திருந்தான்.
பக்கத்தில் கட்டிய பை. ஐந்து மணிக்குப் பேருந்து.
"காலுறை காய்ந்ததும் போய்விடுவேன்."
"மணி கேட்கவில்லையா?"
"கேட்டது. இனிமேல் உங்கள் கணக்கில்
நான் இல்லையே என்று நினைத்தேன்."

பயிற்சிக் கோப்பில் இதற்குப் பதினொரு படிகள் உண்டு.
ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.
"இந்த இயந்திரம் சூடே ஆகாது,
கெட்டு ஒரு மாதம் ஆயிற்று"
என்றுதான் வாயில் வந்தது.
ஈரக் காலுறைகளை இரண்டாம் எண்ணுக்கு மாற்றி
என்னிடமிருந்த மூன்று நாணயத்தையும் போட்டேன்.
பத்து நிமிடம் கால்குலஸ் பற்றிப் பேசினான்.
மீதி நேரம் அவன் நாயைப் பற்றி,
அதற்கு ஒரு கண் தெரியாது என்பதைப் பற்றி.
ஐந்து மணி போனது.
நான் தடுக்கவில்லை. காலுறை இன்னும் ஈரம்,
அவ்வளவுதான்.

அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம்:
எடுத்த நடவடிக்கை.
"உட்கார்ந்தேன்" என்று எழுதினேன்.
மேலாளர் மார்கரீட் லாப்லாண்ட்
விரிவாக எழுதவும் என்று திருப்பி அனுப்பினார்.
"நாற்பது நிமிடம் உட்கார்ந்தேன்."

வெண்டெல் கால்குலஸில் தேறவில்லை.
மே மாதம் ஊருக்குப் போனான்.
திரும்பி வந்தானா தெரியாது,
அதற்குள் எனக்குத் தளம் மாற்றியிருந்தார்கள்.

"வேறு ஏதாவது?" என்றார் வங்கிக்காரர்.
அவர் மேசைக்கடியில் சூடேற்றி ஒன்று
கடகடவென்று இருமிக்கொண்டிருந்தது.
"இது எத்தனை நாளாக இப்படி?" என்று கேட்டேன்.

பேனாவைக் கீழே வைத்தார்.